கோழி சாசேஜ் பாக்கெட்டின் பின்பக்கம்: நான்கு இறைச்சிப் பொருள்களின் லேபிள்களைப் படித்துப் பார்த்தேன்

"இதுல உப்பு எவ்வளவுன்னு போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு" என்று அம்மா கேட்டபோது சாசேஜ் பாக்கெட் என் கையில்தான் இருந்தது. அம்மாவுக்கு 71 வயது. பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிக்கிறவர் அந்தப் பாக்கெட்டை மட்டும் என்னிடம் நீட்டினார். அதில் அவர் படிக்கக்கூடிய எழுத்து ஒன்றுகூட இல்லை. நான் திருப்பிப் பார்த்தபோது, சோடியம் என்று அச்சிடப்பட்டிருக்க வேண்டிய வரியின் மேலேயே கடையின் விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டினேன். சீட்டோடு சேர்ந்து அடியிலிருந்த அச்சும் பாதி உரிந்து வந்துவிட்டது. அன்று அம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதங்களில் சென்னையில் எங்கள் பகுதியில் உள்ள அங்காடிகளிலும் இணையத்திலுமாக நான்கு இறைச்சிப் பொருள்களை வாங்கினேன்: உறைநிலையில் விற்கப்படும் கோழி சாசேஜ், கோழி நக்கட்ஸ், கவுண்டரில் வெட்டித் தரும் சலாமி, வீட்டுத் தயாரிப்பு என்று விளம்பரம் செய்யப்பட்ட ஆட்டிறைச்சி உப்புக்கண்டம். நிறுவனங்களின் பெயர்களையும் கடைகளின் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. நான் மதிப்பிட விரும்புவது சுவையைக் காட்டிலும் லேபிளை. லேபிளில் கண்ட குறைகளோ ஒரு நிறுவனத்தோடு நிற்பவை என்று எனக்குத் தோன்றவில்லை. அங்காடியின் ஃப்ரீஸர் முன்னால் நின்று அடுத்தடுத்த பாக்கெட்டுகளை எடுத்துப் பார்க்கும் எவரும் இவற்றைக் காணலாம்.

சுவையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாசேஜ் நன்றாகவே இருந்தது. மிளகு வாசனையும் உறைப்பும் அளவாக இருந்தன. தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டுப் புரட்டியபோது வெளிப்புறம் பொன்னிறமாகி, உள்ளே மென்மையாக இருந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் மறுநாளும் கேட்டான். நக்கட்ஸ் மொறுமொறுப்பாக இருந்தாலும் கடிக்கும்போது மாவின் ருசிதான் முன்னால் வந்தது. சலாமி உப்புத் தூக்கல். உப்புக்கண்டம் நால்வகையிலும் மிகச் சிறந்தது. நல்லெண்ணெயில் பொரித்து இரசச் சாதத்தோடு சாப்பிட்டபோது என் பாட்டி வீட்டு மாடியில் நூலில் கோத்துத் தொங்கிய இறைச்சித் துண்டுகள் நினைவுக்கு வந்தன.

இனி லேபிளுக்கு வருகிறேன். சாசேஜ் பாக்கெட்டின் முன்பக்கத்தில் நன்றாகச் செய்யப்பட்ட ஒன்றை முதலில் பாராட்ட வேண்டும். பழுப்பு நிறக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் தெளிவாக, உரிய இடத்தில் இருந்தது. முன்பு அசைவத்துக்கும் வட்டப்புள்ளிதான் குறியாக இருந்தது; சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளி. நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றின. எழுத்தறியாதவரும் நிறம் பிரித்தறிய முடியாதவரும் ஒரு கணத்தில் புரிந்துகொள்ளக்கூடிய குறி அது. ஒரு லேபிள் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு அந்தப் பாக்கெட்டில் வேறொன்று இல்லை.

அந்த முக்கோணம் அசைவம் என்று சொல்லும். எந்த விலங்கு என்று சொல்லாது. கோழி சாசேஜ் என்று பெயர் இருக்கும்போது இந்தக் கேள்வியே எழாது என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் சாசேஜுக்கு ஓர் உறை உண்டு. சில வகைகளில் செல்லுலோஸ் உறைக்குள் வேகவைத்துப் பிறகு அதை உரித்து எடுத்துவிடுகிறார்கள். சில வகைகளில் விலங்கின் குடல் பயன்படுகிறது. வேறு சிலவற்றில் கொலாஜன் உறை. உலகச் சந்தையில் கிடைக்கும் கொலாஜன் உறைகளில் பெரும்பகுதி மாட்டுத்தோலின் உட்படலத்திலிருந்து செய்யப்படுவது. நான் வாங்கிய பாக்கெட்டில் உறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உரிக்கப்பட்ட வகை என்றால் சொல்ல வேண்டியதில்லை என்று நிறுவனம் கருதியிருக்கலாம். ஆனால் மாட்டிறைச்சியையோ பன்றி இறைச்சியையோ சமய நம்பிக்கையால் தவிர்க்கும் ஒருவர் அதை எப்படி உறுதி செய்துகொள்வார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் சாசேஜ் உறை உண்ணத்தக்கது இல்லையென்றால் அதை லேபிளில் குறிப்பிட்டே ஆக வேண்டும். "உறை நீக்கப்பட்டது" என்ற இரண்டு சொற்களை அச்சிட எந்த நிறுவனத்துக்கும் கூடுதல் செலவாகாது.

பின்பக்கத்தில் சேர்மானங்களின் பட்டியல் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் இருந்தது. ஃப்ரீஸரிலிருந்து எடுத்தவுடன் பாக்கெட்டின் மேல் பனி படர்ந்திருப்பதால் அந்த வெள்ளையும் பனியின் வெள்ளையும் கலந்துவிடுகின்றன. துணியால் துடைத்துவிட்டு, என் கைப்பேசியின் கேமராவில் பெரிதாக்கித்தான் படித்தேன். கோழி இறைச்சி 66%, நீர், தாவர எண்ணெய், சோயா புரதம், மாவுச்சத்து, உப்பு, மசாலாப் பொருள்கள், அதன் பிறகு ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான பன்னாட்டு எண்முறை) என்ற எழுத்துகளோடு எண்கள் வரிசையாக: 451, 316, 250. சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே இறைச்சிக்கு அடுத்து மிகுதியாக இருப்பது நீர் என்பதும், மாவுச்சத்து உப்பைக் காட்டிலும் அதிகம் என்பதும் அந்த வரிசையிலிருந்தே தெரிகின்றன. பெயரிலோ படத்திலோ முன்னிறுத்தப்படும் சேர்மானத்தின் சதவீதத்தையும் சொல்ல வேண்டும். இந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன், ஏனெனில் அதே ஃப்ரீஸரில் இருந்த வேறு இரண்டு பாக்கெட்டுகளில் கோழியின் படம் பாதிப் பக்கத்தை நிறைத்திருந்தும் சதவீதத்தை நான் எங்கும் காணவில்லை.

சதவீதம் சொல்லப்படாத இடத்தில் ஓரளவு கைகொடுக்கக்கூடியது புரத அளவு. எலும்பும் தோலும் நீக்கிய பச்சைக் கோழி இறைச்சியில் 100 கிராமுக்கு 20 கிராமுக்குச் சற்று மேலேயே புரதம் இருக்கும். இந்தச் சாசேஜின் ஊட்டச்சத்துக் கட்டத்தில் 13 கிராம் என்று இருந்தது. அந்த 13 கிராமிலும் சோயாவின் பங்கு எவ்வளவு, இறைச்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. நீர் சேர்ப்பதையோ சோயா சேர்ப்பதையோ நான் குற்றமாகச் சொல்லவில்லை. இறைச்சியைக் கூழாக அரைக்கும்போது சூடேறாமல் இருக்கப் பனிக்கட்டியாக நீர் சேர்ப்பதும், அந்த நீரையும் கொழுப்பையும் பிரியாமல் பிடித்துவைக்கப் பாஸ்பேட்டும் புரதமும் சேர்ப்பதும் சாசேஜ் தயாரிப்பின் இயல்பான முறைகள். 451 என்ற எண் அந்தப் பாஸ்பேட்டைத்தான் குறிக்கிறது. வாங்குகிறவர் கோழி விலை கொடுத்து எவ்வளவு கோழி வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்த 66 சதவீதம் எத்தகைய இறைச்சி என்பது அடுத்த கேள்வி. நெஞ்சுக்கறியையும் தொடைக்கறியையும் வெட்டி எடுத்த பிறகு எலும்புக்கூட்டில் ஒட்டியிருக்கும் சதையை இயந்திரத்தின் அழுத்தத்தால் சல்லடை வழியே பிழிந்து எடுக்கும் முறை உலகெங்கும் உண்டு. பசைபோல வரும் அந்தப் பொருளை ஐரோப்பிய ஒன்றிய விதிகள் "இறைச்சி" என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இயந்திரத்தால் பிரித்தெடுத்தது என்று தனியாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். சிறு துண்டுகளைச் சேர்த்து ஒட்டி முழுத்துண்டுபோலத் தோன்றச் செய்தால் அதையும் பெயருக்கு அருகிலேயே சொல்ல வேண்டும். முழுத்துண்டுபோல் விற்கும் இறைச்சியில் சேர்த்த நீர் 5 சதவீதத்தைத் தாண்டினால் அதையும் பெயரோடு சேர்க்க வேண்டும். இவ்வளவு கறாரான விதிகள் இருக்கும் அதே ஐரோப்பாவில்தான் 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி என்று விற்கப்பட்ட பர்கர்களைச் சோதித்து, 27 மாதிரிகளில் 10-இல் குதிரையின் மரபணுவைக் கண்டது. ஒரு மாதிரியில் இறைச்சியின் 29 சதவீதம் குதிரை இறைச்சியாக இருந்தது. லேபிள் சொல்வதை ஆய்வகத்தில் சரிபார்க்க ஓர் அமைப்பு தொடர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதை அந்த நிகழ்வு காட்டியது. என் கையிலிருந்த பாக்கெட்டில் "கோழி இறைச்சி" என்பதற்கு மேல் விவரம் இல்லை.

இப்போது 250. இந்த எண்ணுக்காகவே இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். 250 என்பது சோடியம் நைட்ரைட். வெந்த பிறகும் சாசேஜ் இளஞ்சிவப்பாக இருப்பது இதனால்தான். வீட்டில் வேகவைத்த கோழி வெளிறிப்போவதையும் சாசேஜ் வெளிறாமல் இருப்பதையும் ஒப்பிட்டால் இது விளங்கும். நிறத்தைவிட முக்கியமான வேலை ஒன்றும் அதற்கு உண்டு. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரை அது தடுக்கிறது. 1820-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் அந்த நஞ்சைப் பற்றி விரிவாக எழுதியது கெட்டுப்போன சாசேஜ் தின்று இறந்தவர்களைப் பார்த்துத்தான். நுண்ணுயிரின் பெயரே சாசேஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே நைட்ரைட்டைக் கண்டவுடன் நஞ்சு என்று கூக்குரல் எழுப்புவது நேர்மையாகாது. அதே நேரத்தில், இறைச்சியின் புரதச் சிதைவுகளோடு நைட்ரைட் வினைபுரிந்து, குறிப்பாக அதிகச் சூட்டில் வறுக்கும்போது, நைட்ரோசமீன்கள் என்ற சேர்மங்கள் உருவாகக்கூடும். அவற்றுள் பல புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பட்டியலில் இருந்த 316, அதாவது சோடியம் எரித்தார்பேட், அந்த வினையைக் குறைப்பதற்கும் உதவுவது. இவ்வளவும் மூன்று எண்களுக்குள் அடங்கியிருக்கிறது. கைப்பேசியில் தேடிப் பார்க்கத் தெரிந்தவருக்கு அவை பேசும். என் அம்மாவுக்கு அவை பேருந்து எண்களைப்போலத்தான் இருந்தன.

2015 அக்டோபரில், உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்தது. 10 நாடுகளைச் சேர்ந்த 22 வல்லுநர்கள் கூடி எடுத்த முடிவு அது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் உயரும் என்று அவர்கள் கணித்தார்கள். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சாப்பிடுகிற நூறு பேரில் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே இருக்கும் சிறிய வாய்ப்பு அதன் அளவில் 18 சதவீதம் கூடுகிறது என்று பொருள். புகையிலையும் அதே முதல் பிரிவில் இருப்பதால் சாசேஜும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்பதும் தவறு. பிரிவு என்பது சான்றின் உறுதியைக் குறிக்கிறது, ஆபத்தின் அளவை அன்று. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றுக்கான உச்ச அளவுகளைக் குறைத்துச் சட்டம் இயற்றியது. புதிய அளவுகள் 2025 அக்டோபர் 9 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்தச் செய்திகளில் எதையும் நம் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. "250" என்பதற்குப் பதிலாக "சோடியம் நைட்ரைட்" என்று பெயரையாவது எழுதியிருக்கலாம். பெயர் இருந்தால் மருத்துவரிடம் கேட்கலாம். எண்ணை வைத்துக்கொண்டு என்ன கேட்பது?

பாக்கெட்டில் இருந்த நுகர்வோர் சேவை எண்ணுக்கு அழைத்தேன். பேசிய பெண் பொறுமையாகவும் மரியாதையாகவும் பேசினார். நைட்ரைட் எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தமக்குத் தெரியவில்லை என்று நேராகச் சொல்லி, மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: எங்கள் பொருள்கள் ஆணையம் அனுமதித்த வரம்புக்குள் தயாரிக்கப்படுகின்றன. அளவு எதுவும் அதில் இல்லை.

உப்புக்கு வருகிறேன். அடுத்த வாரம் அதே சாசேஜின் இன்னொரு பாக்கெட்டை, விலைச்சீட்டு வேறிடத்தில் ஒட்டியதாகப் பார்த்து எடுத்துவந்தேன். 100 கிராமுக்குச் சோடியம் 780 மில்லிகிராம். பக்கத்துக் கட்டத்தில் "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டு, அன்றாடத் தேவையில் 10 சதவீதம் என்று எழுதியிருந்தார்கள். பத்து சதவீதம் என்றால் யாருக்கும் அச்சம் வராது. கீழே மிகச் சிறிய எழுத்தில் ஒரு பரிமாறல் என்பது 25 கிராம் என்று இருந்தது. பாக்கெட்டைப் பிரித்துச் சமையலறைத் தராசில் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒரு சாசேஜ் சரியாக 25 கிராம். ஆகப் பரிமாறல் என்பது ஒரே ஒரு சாசேஜ்! எங்கள் வீட்டில் குழந்தையின் தட்டில்கூட மூன்றுக்குக் குறைந்து வைத்ததில்லை. மூன்று என்றால் 585 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் என்ற வரம்பில் ஏறத்தாழ 30 சதவீதம். அந்த 2,000 மில்லிகிராம் என்பது ஐந்து கிராம் உப்புக்குச் சமம். உலகச் சுகாதார நிறுவனமும் அதற்கு மேல் போக வேண்டாம் என்கிறது, நம் ஆணையத்தின் விதிகளிலும் அதுவே அளவுகோல். நிறுவனம் எழுதிய எண்ணில் பிழை இல்லை, விதி மீறப்படவும் இல்லை. ஆனால் உண்கிறவர் உண்ணும் அளவை விட்டுவிட்டு ஒரு சாசேஜுக்குக் கணக்குச் சொல்வது, உப்பைக் குறைக்க வேண்டிய ஒரு நோயாளிக்கு எந்த வகையில் உதவும்?

சிலி நாட்டில் 2016 முதல் உப்பு, சர்க்கரை, கொழுப்பு, கலோரி ஆகியவற்றுள் எது வரம்பை மீறினாலும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணத்தில் அது அச்சிடப்படுகிறது. கணக்குப் போட வேண்டியதில்லை, திருப்பிப் பார்க்கவும் வேண்டியதில்லை. இந்தியாவில் 2022-இல் ஆணையம் வெளியிட்ட வரைவு, நட்சத்திரங்களால் தரம் காட்டும் முறையை முன்வைத்தது. என் எண்ணத்தில் நட்சத்திரம் இதற்கு உதவாது. புரதத்துக்கு மதிப்பெண் கூட்டி உப்புக்கு மதிப்பெண் கழித்து, இறுதியில் இரண்டரை நட்சத்திரம் என்று வந்து நின்றால், இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அதனுள் இருக்கும் உப்பு தெரியாது. நட்சத்திரம் பாராட்டின் அடையாளம். ஒரு நட்சத்திரம் போட்டாலும் அது ஏதோ நல்லது என்றே கண் படிக்கும்.

நக்கட்ஸைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கோழி இறைச்சி 48% என்று நேர்மையாகவே எழுதியிருந்தார்கள். கோதுமையும் சோயாவும் இருப்பதாக ஒவ்வாமை எச்சரிக்கை தடித்த எழுத்தில் தனியாக இருந்தது. நான் வாங்கியவற்றுள் லேபிள் அமைப்பில் இதுவே தெளிவானது.

சலாமியின் நிலை வருத்தம் தரும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய உருளையிலிருந்து 200 கிராம் மெல்லியதாக வெட்டித் தருமாறு கேட்டேன். தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டு, எடையும் விலையும் அச்சிட்ட சீட்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள். சேர்மானம், தயாரித்த நாள், காலாவதி, உப்பு, எதுவும் அதில் இல்லை. உருளையின் மேலிருந்த லேபிளைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கடைப் பையன் தயங்கி, "அது காலைல பிரிச்சப்பவே குப்பைக்குப் போயிடுச்சுக்கா" என்றான். பொய் சொல்லாமல் சொன்ன அவன்மேல் எனக்குக் கோபமில்லை. உருளையோடு ஒரு லேபிள்தான் வருகிறது. அதைப் பிரித்த முதல் நிமிடத்திலேயே அந்த உணவு பெயரில்லாததாகிவிடுகிறது. உருளையின் லேபிளைப் படமெடுத்துக் கண்ணாடியின் மேல் ஒட்டிவைத்தாலே போதும். பிரித்த நாளையும் அதன் கீழே எழுதிவைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் உறை பிரித்த சலாமிக்கு அச்சிட்ட காலாவதி நாள் பொருந்தாது.

உப்புக்கண்டத்தைப் பற்றி எழுதும்போது என் மனம் சற்று இளகுகிறது. ஆனாலும் எழுத வேண்டும். ஆட்டிறைச்சியை நீள வாட்டில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் அரைத்துப் பூசி, நூலில் கோத்து வெயிலில் காயவைக்கும் பழைய முறையிலேயே செய்திருந்தார்கள் என்பது வாசனையிலேயே தெரிந்தது. பாக்கெட்டின் மேல் ஒரு பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டுமே இருந்தன. ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லை, செய்த நாள் இல்லை, சேர்மானம் இல்லை, எப்படி வைத்துக்கொள்வது என்றும் இல்லை. விற்பனைப் பக்கத்தில் மட்டும் "இரசாயனம் இல்லாதது, முழுக்க இயற்கையானது" என்று இருந்தது. பன்னாட்டு முகமையின் வரையறையில் பதப்படுத்திய இறைச்சி என்பது உப்பிடுதல், புளிக்கவைத்தல், புகையூட்டல் முதலிய முறைகளால் சுவைக்காகவோ கெடாமல் இருப்பதற்காகவோ மாற்றப்பட்ட இறைச்சி. நம் உப்புக்கண்டமும் அதற்குள் வரும். நாம் ஆண்டுக்கு நாலைந்து முறை, மழைக்காலத்தில், இரண்டு மூன்று துண்டு என்று சாப்பிட்டது வேறு. மாதந்தோறும் அரைக் கிலோ வீட்டு வாசலுக்கு வந்து இறங்குவது வேறு. நம் பாட்டிமார் செய்த பொருள் என்பதாலேயே அதன் உப்பைச் சொல்லாமல் விடலாம் என்று ஆகாது. சிறு தயாரிப்பாளர்களுக்கு ஆய்வகச் சோதனை பெரும் செலவு என்பதை அறிவேன். செய்த நாளையும் சேர்மானத்தையும் ஒரு சீட்டில் கையால் எழுதி உள்ளே போடுவதற்கு ஆய்வகம் தேவையில்லை. அதை அந்தப் பெண்மணிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினேன். "சரிங்க, அடுத்த தடவை எழுதி வைக்கிறேன்" என்று பதில் அனுப்பினார். பெரிய நிறுவனத்தின் மின்னஞ்சலைவிட அந்தப் பதில் எனக்கு நிறைவாக இருந்தது.

நான்கு பொருள்களிலும் பொதுவாக இருந்த குறை மொழி. அச்சிட்ட லேபிள் இருந்த இரண்டும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. உப்புக்கண்டத்தின் மேல் இருந்த பெயர்கூட ஆங்கில எழுத்தில்தான். விதி என்ன சொல்கிறது என்று பார்த்தேன். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். கூடுதலாக வேறு எந்த மொழியைப் பயன்படுத்தவும் தடையில்லை. அதாவது தமிழ்நாட்டில் விற்கும் உணவில் தமிழ் இருக்கலாம், இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் உணவு எந்த நாட்டில் விற்கப்படுகிறதோ அந்த நாட்டு மக்களுக்கு எளிதில் புரியும் மொழியில் கட்டாய விவரங்கள் இருக்க வேண்டும். கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் வேண்டும். நம் ஊர் மசாலாப் பொடி நிறுவனங்கள் பல தாமாகவே தமிழில் பெயரையும் செய்முறையையும் அச்சிடுகின்றன; ஆகவே இடமில்லை, செலவு கூடும் என்ற பதில்கள் நிற்காது.

இது மொழிப்பற்றோடு முடிந்துபோகும் காரியமன்று. உணவு கெடாமல் இருப்பதும் இதைப் பொறுத்தது. சாசேஜ் பாக்கெட்டில் மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும், உருகியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் வாங்கிய முதல் பாக்கெட்டில் சாசேஜ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூலையில் நீர் உறைந்து பனிக்கட்டியாகத் திரண்டிருந்தது. ஒருமுறை உருகி மறுபடி உறைந்ததன் அடையாளம் அது. ஃப்ரீஸரில் அடுக்குகிறவரும், வண்டியில் கொண்டுவருகிறவரும், வீட்டில் எடுத்து வைக்கிறவரும் படிக்கிற மொழியில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பாக்கெட் வேறு மாதிரி கையாளப்பட்டிருக்கலாம். தயாரிப்பு நாளும் காலாவதி நாளும் புள்ளிப்புள்ளியாக மையில் அடிக்கப்பட்டிருந்தன; பனியைத் துடைத்தபோது "2" என்ற எண்ணின் கீழ்ப்பகுதி விரலோடு வந்துவிட்டது. லேபிள் அழியாததாகவும் எளிதில் படிக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பதும் விதிதான்.

என் மதிப்பீடு இது. சாசேஜின் சுவைக்கு ஐந்தில் நான்கு, லேபிளுக்கு இரண்டு. இறைச்சிச் சதவீதத்தைச் சொன்னதற்காகவே அந்த இரண்டு. நக்கட்ஸின் சுவைக்கு இரண்டரை, லேபிளுக்கு மூன்று. சலாமியை லேபிள் இல்லாமல் இனி வாங்க மாட்டேன். உப்புக்கண்டத்தின் சுவைக்கு ஐந்துக்கு ஐந்து. செய்த நாள் எழுதிய சீட்டு வந்த பிறகு மறுபடி வாங்குவேன். மகனிடம் நாள்தோறும் சாசேஜ் இல்லை, மாதத்துக்கு இரண்டு முறை என்று சொல்லியிருக்கிறேன். காரணத்தையும் சொன்னேன், அவன் முகம் சுருங்கினாலும் கேட்டுக்கொண்டான்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்த அன்று, சமையலறைத் தராசில் ஒன்றரை கிராம் உப்பை நிறுத்து ஒரு சிறு தட்டில் வைத்து அவரிடம் காட்டினேன். ஏறத்தாழக் கால் தேக்கரண்டி. மூன்று சாசேஜில் இருப்பது இவ்வளவு என்றேன். அம்மா தட்டைச் சாய்த்துப் பார்த்தார். "அப்ப எனக்கு ஒண்ணு போதும். அன்னிக்கு ஊறுகாய் வேண்டாம்" என்றார். அதையே தமிழில் ஒரு தாளில் எழுதி, ஃப்ரீஸரில் சாசேஜ் வைக்கும் டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கிறேன்: "1 சாசேஜ் = உப்பு அரை கிராம். நைட்ரைட் உண்டு. உருகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம்." கீழே பாக்கெட் பிரித்த நாளை அம்மா தம் கையெழுத்தில் எழுதிவைக்கிறார்.